உப்புக் காற்றில் ஒரு பழைய ஸ்பிளெண்டர்: வாங்கிய முதல் வாரத்தில் செய்த வேலைகள்

வண்டி: 2016 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ். 97.2 சிசி, கார்ப்பரேட்டர், கிக்கும் செல்ஃபும் உண்டு, முன்னும் பின்னும் டிரம் பிரேக். மீட்டரில் 41,000 சொச்சம். கைமாறியது வடசென்னை தண்டையார்பேட்டையில். இனி நிற்கப்போவது திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போகும் எல்லோரும் முதலில் எஞ்சின் சத்தத்தைத்தான் குனிந்து கேட்பார்கள். ஆயில் மட்டும் ஒழுங்காக மாற்றியிருந்தால் இந்த எஞ்சின் லேசில் படுக்காது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஓடுகிற வண்டிகளில் எஞ்சினுக்கு முன்னால் போவது கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்), வீல் பேரிங், செயின், எர்த் வயர், டேங்கின் அடிப்பக்கம். கடல் காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி அந்த ஈரத்தில் ஒட்டிப் பசையாகும். வருஷத்துக்கு ஒருமுறை மழைத் தண்ணீர் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) வரை ஏறும். 41,000 என்ற எண்ணை விட இந்த மூன்றும் எங்கே போய் உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் முக்கியம்.

காசு கொடுக்கும் முன்

விற்பவர் வீட்டுக்குப் போனதும் எஞ்சின் மீது கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஓனர் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார். ஆறும் வரை காத்திருங்கள், அல்லது மறுநாள் காலையில் வாருங்கள். ஆறிய எஞ்சினைக் கிக்கரில் எழுப்ப வேண்டும். சோக் போட்டு இரண்டு மூன்று உதைக்குள் பிடித்தால் சரி. முதல் சில நொடி மட்டும் நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டர் முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் தேய்ந்தது பிஸ்டன் ரிங்ஸ், சிலிண்டர் போர். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போவதைக் காட்டும். அது கார்ப்பரேட்டர் வேலை, பயப்பட ஒன்றுமில்லை. குளிர்ந்த காலையில் வரும் வெள்ளை ஆவி சும்மா ஈரம்.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் துடைத்துப் பார்த்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சேஸிஸ் நம்பர் ஸ்டியரிங் குழாய்ப் பக்கம் பொறித்திருக்கும். உப்புத் துருவில் மங்கியிருந்தால் ஈரத் துணியும் டார்ச்சும் போதும், எமெரி பேப்பர் போடாதீர்கள். பெயர் மாற்ற படிவம் 29, 30. லோன் இருந்து முடிந்த வண்டி என்றால் படிவம் 35. அபராதச் சலான் பாக்கியை ஆன்லைனில் பார்த்துவிடலாம்.

இந்தப் பக்கத்து வண்டியில் கட்டாயம் தேட வேண்டியது வெள்ளத்தில் நின்ற அடையாளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வடசென்னையில் எத்தனையோ வண்டிகள் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றன. எண்ணூர், மணலி பக்கம் அந்தத் தண்ணீரில் எண்ணெயும் கலந்திருந்தது. வெளியே கழுவி பாலிஷ் போட்டால் ஒன்றும் தெரியாது. சீட்டைக் கழற்றி ஸ்பாஞ்சின் அடியை அழுத்துங்கள்: மண் வாசனையும் வண்டல் கோடும் இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. ஹெட்லைட் டூமைத் திறந்தால் உள்ளே வயர் கனெக்டர்கள் கொத்தாக இருக்கும். அங்கே பொடி மண் இருந்தால் சந்தேகமே வேண்டாம். செயின் கவரின் அடி மூலை, பேட்டரிப் பெட்டியின் தரை, ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்கு உள்பக்கம், ஏர் ஃபில்டர் பெட்டியின் அடி ஆகிய இடங்களை யாரும் கழுவுவதில்லை. ரப்பர் கிரிப், கார்ப்பரேட்டர் ஜாயின்ட் ரப்பர் உப்பிக் கொழகொழவென்று இருந்தால் எண்ணெய்த் தண்ணீர் பட்டதாக இருக்கலாம்.

இந்த வண்டியில் ஸ்பாஞ்ச் சுத்தம், டூம் சுத்தம். செயின் கவரின் அடியில் மட்டும் ஒரு விரல்கடை மண். ஹப் வரைக்கும் தண்ணீரில் ஓடியிருக்கிறது. மழையில் நிரம்பும் கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி ஏதாவது ஒன்றைத் தாண்டிய வண்டி. எஞ்சினுக்குள் போகவில்லை, ஆனால் வீல் பேரிங்கையும் பிரேக்கையும் நம்பக் கூடாது என்று இதிலிருந்து முடிவானது.

கழுவுவதில் உள்ள தப்பு

வாங்கியதும் முதல் வேலை கழுவுவது. எந்தத் தண்ணீரில் என்று யாரும் கேட்பதில்லை. திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறிப் பல வருஷமாகிறது. உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் வண்டியைக் கழுவிக் காயவைத்தால், கழுவின உப்பை விட அதிக உப்பு போல்ட் இடுக்குகளில் படியும். ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் கழிவு நீர் இன்னும் மோசம். மிச்சப்படுத்துவதாக நினைத்து அதை ஊற்றாதீர்கள். கழுவுவது எதில் வேண்டுமானாலும் இருக்கட்டும், கடைசி இரண்டு பக்கெட் மெட்ரோ (குடிநீர் வாரியத்) தண்ணீர் அல்லது மழைத் தண்ணீராக இருக்க வேண்டும். பின் மட்கார்டின் உள்பக்கம், ஸ்விங் ஆர்ம், சென்டர் ஸ்டாண்டு முட்டும் இடம், சைலன்சரின் அடி வெல்டிங் கோடு எல்லாவற்றிலும் ஊற்றுங்கள். வாட்டர் சர்வீஸில் அடிக்கும் வேகத் தண்ணீரை வீல் ஆக்ஸில் மீதும் கோன் செட் மீதும் நேராக அடிக்க விடாதீர்கள். சீலைத் தாண்டிப் போய் கிரீஸைக் கழுவிவிடும்.

காய்ந்ததும் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சேஸிஸ் குழாய்களையும் ஸ்விங் ஆர்மையும் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு நன்றாக இருக்கிறது. சத்தம் மந்தமாகி, பெயின்ட் செதிலாக உதிர்ந்தால் உள்ளிருந்து அரித்திருக்கிறது. மேல்துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே கறுப்பு எனாமல். சென்டர் ஸ்டாண்டு பின்னில் கிரீஸ். இந்த வண்டியில் சைடு ஸ்டாண்டு பிராக்கெட் பாதி அரித்துப்போயிருந்தது. புதிய பட்டை வைத்து வெல்டிங். வெல்டிங் அடிக்கும் முன் பேட்டரி வயர் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் சிடிஐ பெட்டியையும் பிடுங்கி வைத்தால் இன்னும் நல்லது.

பிரேக், வீல், டயர்

ஓட்டிப் பார்ப்பதற்கு முன் பிரேக். இரண்டு வீலையும் கழற்றி டிரம்மைத் திறந்தாகிவிட்டது. உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத் துணியில் துடைத்தெடுங்கள். ஷூ பாதிக்கு மேல் இருந்தது, ஆனால் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. 80 நம்பர் எமெரியில் லேசாகத் தேய்த்து அந்தப் பளபளப்பை எடுத்தாகிவிட்டது. தண்ணீரில் ஓடிய வண்டிகளில் பிரேக் போட்டால் திரும்ப விடாததற்குக் காரணம் பெரும்பாலும் ஷூ இல்லை, ஷூவை விரிக்கும் கேம் தண்டுதான். அது துருப்பிடித்து இறுகியிருக்கும். கழற்றி, துருவைத் தேய்த்து, தீக்குச்சி முனையளவு கிரீஸ் வைத்தால் போதும். அதிகம் வைத்தால் சூட்டில் உருகி ஷூவில் ஏறும், பிரேக்கே இருக்காது.

வீல் பேரிங்கைச் சோதிக்க ஆக்ஸிலை உருவி, உள்வளையத்தில் விரல் விட்டுச் சுற்றுங்கள். பட்டுப்போல் சுற்ற வேண்டும். இதில் முன் வீல் இடப்பக்கப் பேரிங் மணலை அரைப்பதுபோல் கரகரத்தது. ஒன்று போனால் அந்த வீலின் எல்லாப் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். பழைய பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்த எண்ணைக் கொண்டுபோய், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகையாகக் கேட்டு வாங்குங்கள். தகர மூடி வகை இந்தக் காற்றுக்கு ஆகாது. ஜி.பி. ரோட்டில் புதுசு கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கலாம், தப்பில்லை. மட்கார்டு, ஹேண்டில் பார், கவர் அங்கே வாங்குங்கள். பேரிங், பிரேக் ஷூ, கேபிள் மூன்றையும் பழையதாக வாங்காதீர்கள்.

ஸ்போக்ஸ் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுக்கமான கம்பி 'டிங்' என்னும், லூசானது 'டொக்' என்னும். மூன்று நான்கு கம்பி லூசாக இருந்தால் ரிம் பெண்ட் எடுக்கிற கடையிலேயே கொடுங்கள். சொந்தமாக முறுக்கினால் வீல் அவுட் ஆகும்.

டயர் 2.75-18. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 1419 என்றால் 2019-ன் 14-ஆவது வாரம். மேலே பட்டன் தேயாமல் இருந்தாலும் இந்த வெயிலில் ஆறு ஏழு வருஷம் தாண்டிய ரப்பர் கல்லாகிவிடும், மழையில் வழுக்கும். காற்று முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28, ஆள் ஏற்றினால் 40 பிஎஸ்ஐ. பங்க் பையன் எல்லாவற்றுக்கும் 30 அடித்துவிடுவான். எண்ணைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள்.

கோன் செட்

இந்த வண்டியில் அதிக நேரம் போனது இங்கேதான். சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் வீலைத் தூக்குங்கள். ஹேண்டிலை இரண்டு விரலால் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு சின்னக் குழிக்குள் விழுந்த மாதிரி 'டக்' என்று நின்றால் கோன் செட் போய்விட்டது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் பால்கள் ஒரே இடத்தில் அடி வாங்குகின்றன. கிரீஸ் காய்ந்து, உப்பு ஈரம் இறங்கி, அந்த இடங்களில் அச்சுக் குத்தியது மாதிரி குழி விழும். ஓட்டும்போது மெதுவான வேகத்தில் வண்டி நேராக நிற்காமல் அலையும். பலர் அதை டயர் கோளாறு என்று நினைத்து டயரை மாற்றுவார்கள்.

கழற்றிப் பார்த்தபோது கீழ்க் கப்பில் வரிசையாகக் குழிகள், நகத்தால் தடவினாலே தட்டியது. பழைய கிரீஸ் காப்பிப்பொடி நிறத்தில் தூளாக வந்தது. டைட் செய்து சமாளிக்க வழியே இல்லை. இன்னும் இறுகும், குழி போகாது. மாற்றுவதுதான்.

தனித்தனிப் பால்களாக இருந்தால் கழற்றும்போது கீழே துணி விரித்து, மேலே எத்தனை கீழே எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பழைய கப்புகளை உள்ளிருந்து நீளக் கம்பியால் மாறி மாறி எதிரெதிர்ப் பக்கம் தட்டி எடுக்க வேண்டும். புதிய கப்பை நேராகச் சுத்தியால் அடிக்காதீர்கள். பழைய கப்பை அதன் மேல் வைத்து அடித்தால் ஓரம் நொறுங்காது. அடி விழும்போது சத்தம் மாறும்: 'தட் தட்' என்பது 'டங்' என்று கெட்டியானால் அடியில் உட்கார்ந்துவிட்டது. நீர் தாங்கும் கிரீஸைத் தாராளமாக நிரப்புங்கள். இங்கே சிக்கனம் வேண்டாம். மேல் நட்டை முதலில் இறுக்கி, ஹேண்டிலை ஐந்தாறு முறை இரு கோடிக்கும் திருப்பி, பிறகு அரைக்கால் சுற்று பின்வாங்கி லாக் நட்டைப் போடுங்கள். முன் வீல் அந்தரத்தில் இருக்க, ஹேண்டிலை லேசாகத் தொட்டால் அது தானாகவே ஒரு பக்கம் சாய வேண்டும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து வரும் வரை சரிசெய்யுங்கள்.

ஃபோர்க் கழன்று வந்த கையோடு ஆயில் சீலையும் மாற்றிவிடலாம். குரோம் குழாயில் துருப் புள்ளி இருந்தால் சீல் ஓடும் இடத்தில்தானா என்று பாருங்கள். அங்கே புள்ளி இருக்க வெறும் சீல் மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகும். இரண்டு காலிலும் ஆயில் ஒரே அளவு இருக்க வேண்டும். மேனுவலில் சொன்ன அளவை மருந்து அளவுக் கப்பில் அளந்தே ஊற்றுங்கள்.

ஆயில், பிளக், டேப்பட்

பழைய ஆயிலைச் சூடாக இருக்கும்போது இறக்குங்கள். அடி போல்ட் 17 நம்பர். பால் கலந்த காப்பி நிறம் என்றால் தண்ணீர். வெறும் கறுப்பு என்றால் பழசு, அவ்வளவுதான். போல்ட் வாஷரை மாற்றுங்கள். எஞ்சின் அலுமினியம், காலால் மிதித்து முறுக்கினால் மரை உரியும், பிறகு லேத்துப் பட்டறைதான் கதி. 10டபிள்யூ30, ஜாசோ எம்ஏ என்று போட்ட பைக் ஆயில் மட்டும். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு, ஆயிலில் ஊறிய கிளட்ச் அதில் வழுக்கும். 700 எம்.எல். ஊற்றி, எஞ்சினை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு அணைத்து, வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பாருங்கள். டிப் ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்து, மேல்கோடு வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். இந்த எஞ்சினில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. வலப்பக்கக் கவருக்குள் சுழல் ஃபில்டரும் சல்லடையும் உண்டு. சரித்திரம் தெரியாத வண்டி என்பதால் ஒருமுறை கவரைத் திறந்து இரண்டையும் சுத்தம் செய்வது நல்லது. புது கேஸ்கட் வாங்கி வைத்துக்கொண்டு திறங்கள்.

பிளக்குக்கு 16 நம்பர் பிளக் ஸ்பேனர். முனை இளம் பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி. கரி படிந்திருந்தால் சோக் மாட்டியிருக்கலாம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. ஆயில் ஈரம் என்றால் ரிங்ஸ். என்ஜிகே பிளக் எண்ணின் கடைசியில் '-9' இருந்தால் இடைவெளி 0.9 மி.மீ. புதிய பிளக்கைக் கையால் கடைசி வரை திருகி, பிறகு ஸ்பேனரில் கால் முதல் அரைச் சுற்று.

டேப்பட் (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் உள்ள இடைவெளியை வைக்கும் திருகு) விஷயத்தில் ஒரு வேண்டுகோள். "அண்ணே, டேப்பட் சத்தம் கேட்குது, டைட் பண்ணிடவா?" என்று மெக்கானிக் கேட்டால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) எடுக்கச் சொல்லுங்கள். காதால் வைத்த டேப்பட் பெரும்பாலும் இறுகிவிடும். லூசான டேப்பட் சத்தம்தான் போடும். இறுகிய டேப்பட்டில் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வின் சூடு சீட் வழியாக இறங்க வழியில்லாமல் முகம் எரியும். முழுக்க ஆறிய எஞ்சினில், பிளக்கைக் கழற்றி, ஃபிளைவீலைச் சுற்றி அதன் 'டி' குறியை நேராகக் கொண்டுவாருங்கள். அந்த இடத்தில் இரண்டு ராக்கரும் கையில் ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் இன்னொரு முழுச் சுற்று. பிறகு உங்கள் மாடல் ஆண்டின் மேனுவலில் உள்ள அளவு. லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி கேஜ் விட்டுப் பாருங்கள், இறுக்கும்போது அளவு நகரும்.

ஏர் ஃபில்டர் எண்ணெய் தோய்ந்த காகித வகை என்றால் ஊதிப் பயன்படுத்தாதீர்கள், புதுசு போடுங்கள். மணலி, எண்ணூர் சாலைத் தூசிக்கு மேனுவலில் சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றுவது சரி.

பெட்ரோல் வழி

கார்ப்பரேட்டரின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி, வரும் பெட்ரோலை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஐந்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். இதில் மேலே பெட்ரோல் நின்றது. அடியில் மூன்று நான்கு கோலிகள் மாதிரி தண்ணீர்த் துளிகள், அவற்றைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் பொடி. டம்ளரைச் சாய்த்தால் துளிகள் உருண்டு ஒன்றோடொன்று சேர்ந்தன. பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், அங்கேதான் துருப்பிடிக்கும். காலையில் ஸ்டார்ட் ஆகாத, அல்லது ஓடிக்கொண்டே இருக்கும்போது அடைத்து நிற்கும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த டம்ளரைத்தான்.

டேங்கைக் கழற்றி, பெட்ரோலைக் கேனில் இறக்கி, வெட்டவெளியில் வேலை. பெட்ரோல் காக் (டேங்கின் அடியில் திறந்து மூடும் குழாய்) எடுத்துவிட்டு ஓட்டையை ரப்பரால் அடைத்து, ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து கழுத்து வரை நிரப்பி ஓர் இரவு. மறுநாள் ஊற்றிவிட்டு நல்ல தண்ணீரில் அலசி, சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒருமுறை, மறுபடி நல்ல தண்ணீர். உடனே வெயிலில் காயவைக்க வேண்டும். அரை மணி ஈரமாக விட்டாலே புதுத் துரு மஞ்சளாகப் பூக்கும். காய்ந்ததும் 100 எம்.எல். பெட்ரோலில் இரண்டு மூடி எஞ்சின் ஆயில் கலந்து உள்ளே சுழற்றி இறக்குங்கள். துரு எடுத்தபின் அடியில் ஊசித் துளையாக ஒழுகினால் அந்த டேங்க் வேண்டாம். காக்கின் சல்லடையும் பெட்ரோல் டியூபும் புதுசு. ரிசர்வில் வைத்து ஓட்டிப் பார்க்க மறக்காதீர்கள். நடு ரோட்டில்தான் அது அடைத்திருப்பது தெரியவரும்.

செயின்

கவரில் உள்ள ரப்பர் மூடியைத் திறந்து பார்ப்பதோடு நிறுத்தாமல் கவரையே கழற்றுங்கள். செயின் 428, ஒரு கண்ணி 12.7 மி.மீ. இழுத்துப் பிடித்து 20 கண்ணி அளந்தால் புதுச் செயினில் 254 மி.மீ. வரும்; 259 தொட்டால் மாற்ற வேண்டும். இதில் 261. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பல் சுறாத் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் சேர்த்தே மாற்றுங்கள்; பழைய பல் புதுச் செயினைச் சில ஆயிரம் கிலோமீட்டரில் தின்றுவிடும். லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். தொய்வு 20 முதல் 30 மி.மீ.; வீலைச் சுற்றி, மிக இறுகும் இடத்தில் அளக்க வேண்டும். இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் ஒன்றாக இருக்கட்டும். ஆக்ஸில் நட்டை இறுக்கியபின் பின் பிரேக் பெடலையும் பாருங்கள், வீல் நகர்ந்ததில் அதுவும் மாறியிருக்கும். பெடலை அழுத்தி பிரேக் பிடிக்கும் வரை 20 முதல் 30 மி.மீ. இடைவெளி போதும். செயினுக்கு 90 நம்பர் கியர் ஆயிலைத் துணியில் நனைத்துத் தேய்த்தால் போதும், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை.

கரன்ட்

ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சினை முறுக்கினால் 13.5-க்கு மேல் ஏறி 14.8-க்குள் நிற்க வேண்டும். 15 தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெக்டிஃபயர் கெட்டிருக்கிறது, பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். இந்த மாடலில் ஹெட்லைட் எஞ்சின் ஓடினால்தான் எரியும், அதை வைத்துப் பேட்டரியை மதிப்பிடாதீர்கள். ஹாரனையும் இன்டிகேட்டரையும் பாருங்கள்.

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் போல்டிலும் வைத்து செல்ஃபை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில் துரு. இதில் 0.9 காட்டியது, செல்ஃப் எடுக்காததற்குப் பேட்டரியை மாற்றச் சொல்லியிருந்தார்கள், பேட்டரி நன்றாகவே இருந்தது. எர்த் போல்டைக் கழற்றி, பச்சை பூத்த முனையைப் பளபளக்கத் தேய்த்து, மாட்டி, மேலே வாசலின். டூமுக்குள் ஒவ்வொரு கனெக்டரையும் பிரித்து கான்டாக்ட் கிளீனர் அடித்து மூட ஒரு மணி நேரம் ஆகும். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர். செம்புக் கம்பி சுற்றியிருந்தால் பிடுங்கி எறியுங்கள்.

ஓட்ட ஆரம்பித்தபின்

முதல் 100 கிலோமீட்டரில் ஆக்ஸில், எஞ்சின் மவுன்டிங், ஹேண்டில் போல்ட், ஸ்போக்ஸ் ஒருமுறை. புதுச் செயின் கொஞ்சம் நீளும், தொய்வை மறுபடி அளக்கவும். கோன் செட்டும் உட்காரும். முன் வீலைத் தூக்கி அதே சோதனை. 500-ல் ஆயிலை மறுபடி இறக்குங்கள், பழைய கசடு இப்போதுதான் கரைந்து வரும். இரவில் மூடும் கவர் காற்றுப் போகாத பிளாஸ்டிக்காக இருந்தால் உள்ளே வேர்த்து உப்பு நனையும். துணிக் கவர் வாங்குங்கள், இல்லையென்றால் மூடாமலேயே நிறுத்துங்கள்.